சொராரிட்டியில் சேர்ந்தவர்கள், சேர நினைத்தவர்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஹூஸ்டனிலிருந்து

என் அக்கா மகள் வரும் ஆகஸ்டில் காலேஜில் சேர்கிறாள். "சித்தி, நான் ரஷ் பண்ணட்டுமா?" என்று போன வாரம் கேட்டாள். ரஷ் என்றால் சொராரிட்டியில் சேர நடக்கும் தேர்வுச் சுற்று. அக்காவுக்கு அந்த வார்த்தையே புதுசு. சொராரிட்டி என்றால் பெண்கள் சேர்ந்து வீடு எடுத்துத் தங்குவது என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். உண்மையில் அது கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்த, காலேஜ் பெண்களின் சங்கம்; பெரிய சங்கங்களுக்குச் சொந்த வீடு இருப்பதால் சங்கத்தையே 'வீடு' என்பார்கள். அவளிடம் போனில் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். மற்றவர்களும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். நல்லது கெட்டது இரண்டும் வேண்டும், ஏனென்றால் இதை அந்தப் பெண்ணிடம் காட்டப் போகிறேன்.

நான் 11 வயதில் தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்தவள். 2015-ல் டெக்சாஸில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ரஷ் தொடங்கிவிடும். ஆகஸ்ட் வெயிலில் ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் வரிசையில் நிற்க வேண்டும். கைப்பையில் தண்ணீர், பிளாஸ்திரி, சின்ன விசிறி, மாற்றுச் சட்டை. கதவு திறந்ததும் உள்ளே வாசலை அடைத்துக்கொண்டு முப்பது நாற்பது பெண்கள் கைதட்டிப் பாடுவார்கள். ஒருத்தி உங்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவாள். எந்த ஊர், என்ன படிக்கப் போகிறாய் என்று பேச்சு சூடு பிடிக்கும்போதே இன்னொருத்தி வந்து தோளைத் தொட்டு, முதல் ஆளை விடுவித்துவிட்டு, அதே கேள்விகளை மறுபடி கேட்பாள். ஒரே நாளில் தஞ்சாவூர் எங்கே இருக்கிறது என்று இருபது பேருக்காவது விளக்கியிருப்பேன்.

ராத்திரி ஆனால் நமக்குப் பிடித்த வீடுகளை வரிசைப்படுத்த வேண்டும். அவர்களும் தங்கள் பட்டியலைக் கொடுப்பார்கள். இரண்டையும் கணினி பொருத்திப் பார்த்து, மறுநாள் எந்தெந்த வீடு உங்களைத் திரும்ப அழைக்கிறது என்று காலையில் தாள் வரும். நாளுக்கு நாள் வீடுகள் குறையும். கடைசியில் பிரிஃபரன்ஸ் என்ற சுற்று, அதன் பிறகு பிட் டே. அன்றைக்கு உறையைப் பிரித்து, உங்களை எடுத்துக்கொண்ட வீட்டின் பெயரைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டை நோக்கி ஓடுவார்கள்.

நான் ஓடவில்லை. மூன்றாம் நாள் காலை என் குழுவின் ஆலோசகர் அறைக் கதவைத் தட்டினாள். எந்த வீடும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை என்றாள். நல்ல பெண் அவள், சொல்லும்போது அவளுக்கே தொண்டை அடைத்தது. கட்டிலுக்குக் கீழே வாங்கி வைத்திருந்த வெள்ளை கவுன் விலைச் சீட்டோடு அப்படியே இருந்தது. அம்மாவுக்கு போன் பண்ணினேன். "உன்னைத் தெரிஞ்சுக்க அவங்களுக்கு எத்தனை நிமிஷம் குடுத்தாங்க?" என்று கேட்டாள். நாலைந்து நிமிஷம் இருக்கும் என்றேன். "நாலு நிமிஷத்துல கத்திரிக்காய் கூடப் பொறுக்க முடியாது" என்றாள். இன்றைக்கும் என் அக்கா மகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

செப்டம்பரில் நூலக வாசலில் மேஜை போட்டு நின்ற ஒரு பெண், என் பையில் தொங்கிய சின்னத் தலையாட்டி பொம்மையைப் பார்த்து, "நீ தஞ்சாவூரா?" என்று தமிழில் கேட்டாள். அவள் கோவை. அங்கேதான் தெற்காசியப் பெண்களுக்கென்றே சொராரிட்டி உண்டு என்று தெரிந்துகொண்டேன். இதன் வரலாறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு வந்தவர்களின் பிள்ளைகள் தொண்ணூறுகளில் காலேஜுக்கு வந்தார்கள். பெரிய வீடுகளில் தங்களுக்கு இடம் இருப்பதாகத் தோன்றாத பெண்கள் தாங்களே ஆரம்பித்தார்கள். 1998 நவம்பரில் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா. அடுத்த மாதமே ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க் செயின்ட் ஜான்ஸில் சிக்மா சிக்மா ரோ. இரண்டே மாதத்தில் மூன்று!

நானும் அப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்தேன். எங்களுக்கு வீடெல்லாம் கிடையாது. அபார்ட்மென்ட்தான். சந்தா அரையாண்டுக்கு 300 டாலர் கட்டினேன். பெரிய வீடுகளில் தங்கும் செலவோடு ஆயிரக்கணக்கில் போகும், அதை வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். என்னையும் சேர்த்து அப்போது சேர்ந்தவர்கள் ஏழு பேர். இதை லைன் என்பார்கள். சில வாரங்கள் சங்கத்தின் வரலாறு, கிரேக்க எழுத்து எல்லாம் படித்து, கடைசியில் ஒரு மாலை எல்லார் முன்னாலும் ஏழு பேரும் வரிசையாக நடந்து வந்து எங்களை அறிமுகப்படுத்திக்கொண்டோம். நமக்கு அக்கா மாதிரி இருக்கும் மூத்தவள் ஒருத்தி பிக். அவளுக்கு நாம் லிட்டில். எனக்கு அந்தக் கோவைக்காரிதான் பிக். முதல் வருஷம் முழுக்க எனக்கு இது நல்ல பொழுதுபோக்காகத்தான் இருந்தது. நிகழ்ச்சி, நடனம், நிதி திரட்டு, அவ்வளவுதான். வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை.

2017 அக்டோபரில் அம்மாச்சி தவறிப்போனாள். அம்மா செய்தி கேட்ட உடனே விமானம் ஏறிவிட்டாள், ஆனால் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிடுவார்கள். எனக்கு மறுநாள் தேர்வு. இந்திய நேரம் மதியம் ஒரு மணிக்கு எடுக்கிறார்கள், எங்களுக்கு அது ராத்திரி இரண்டரை. மாமா மகன் வாட்ஸ்அப் வீடியோவில் காட்டுவதாகச் சொன்னான்.

அபார்ட்மென்ட் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் லைனில் இருந்த ஒரு பெண், எல் பாசோ ஊர், மெக்சிகோ வம்சாவளி (எங்கள் சங்கத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம்), தண்ணீர் குடிக்க வந்தவள் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் என் பிக், அவள் அப்போது வேலைக்குப் போய்விட்டவள், காரில் நாற்பது நிமிஷம் ஓட்டிக்கொண்டு வந்தாள். போனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்திருந்தோம். திண்ணையில் பந்தல், சத்தமாக ஒப்பாரி, நடுநடுவே படம் உறைந்து நிற்கும். எல் பாசோ பெண்ணுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. அவள் என் முழங்காலில் கை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் அழைப்பு துண்டித்துப்போனது. ஒருத்தி எனக்காக நூடுல்ஸ் கிளற எழுந்தாள். "இல்லை, முதலில் தலைக்குக் குளிக்கணும்" என்றேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. என் பிக் அடுப்பை அணைத்தாள். எல் பாசோ பெண் போய்க் குழாயைத் திறந்து, கையை நீட்டி நீட்டிப் பார்த்து, சூடு பதமாக வரும்வரை நின்றுவிட்டு, தன் துண்டை எடுத்துக் கொடுத்தாள். நான் குளித்து வரும்போது அவள் தலையும் ஈரமாக இருந்தது. அதே நேரத்தில் அவளும் குளித்திருந்தாள், இன்னொரு குளியலறையில். தனக்கும் அது பொருந்தும் என்று நினைத்தாளாம்.

நியூ ஜெர்சியிலிருந்து, ஓர் அம்மா

படித்துக் கண் கலங்கிவிட்டதும்மா.

என் மகள் சேர்கிறேன் என்றபோது நான் சம்மதிக்கவில்லை. டிக்டாக்கில் அலபாமா பல்கலைக்கழகத்தில் ரஷ் பண்ணும் பெண்கள் உடையைக் காட்டும் வீடியோ 2021-ல் பரவியது நினைவிருக்கும். அதைப் பார்த்துவிட்டு இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்தேன். அதே அலபாமாவில் 2013 வரை கறுப்பினப் பெண்களைப் பெரிய வீடுகள் அனேகமாகச் சேர்க்கவே இல்லை என்பதும், மாணவர் பத்திரிகை எழுதிய பிறகுதான் கதவு திறந்தது என்பதும் தெரியும். நம் பிள்ளையை அங்கே எப்படி நடத்துவார்கள் என்ற கவலை.

சண்டை போடாமல் மூன்று கேள்வி கேட்டேன். மொத்தச் செலவு எவ்வளவு? ராத்திரி எத்தனை மணிக்கு மேல் உன்னை வரச் சொல்வார்கள்? எதையாவது அம்மாவிடம் சொல்லாதே என்பார்களா? கடைசிக் கேள்விக்கு அவள் தயங்கினால் வேண்டாம் என்று முடிவு பண்ணியிருந்தேன். தயங்கவில்லை, சேர்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறாள். போன மாதம் குடும்ப தினத்துக்குப் போனேன். அந்த வீட்டின் சமையல்காரர் என்னைப் பார்த்ததும், "உங்கள் பெண் பீன்ஸுக்குக் கடுகு தாளிக்கச் சொல்லிக் கொடுத்தாள்" என்றார். வீட்டில் ஒருநாள் கரண்டி பிடித்தவள் இல்லை.

ஓஹையோவிலிருந்து

அக்கா, கெட்டதும் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எந்தச் சங்கம், எந்தக் காலேஜ் என்று சொல்லப்போவதில்லை. சின்னச் சங்கம், நம் ஊர்ப் பெண்களும் இருந்தார்கள். முதல் வாரம் அன்பாக இருந்தார்கள். இரண்டாம் வாரம் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, பெயர்களை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்னார்கள். ஒருத்தி தப்புச் சொன்னால் எல்லோரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு அறைக்குப் போய் எட்டு மணிக்கு ஆய்வகத்தில் நிற்பேன். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். "நாங்களும் இதைத் தாண்டித்தான் வந்தோம்" என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில்.

ரொம்பக் கஷ்டமானது எது தெரியுமா? என்னோடு நின்ற நாலு பேரும் உண்மையிலேயே என் தோழிகள் ஆகிவிட்டார்கள். நான் விலகினால் அவர்களை விட்டுவிட்டு ஓடியதாக ஆகும். அந்த ஒரு கயிற்றில்தான் எல்லோரையும் கட்டி வைத்திருந்தார்கள். மூன்றாம் வாரம் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அன்றைக்கு நான் வெளியே வந்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த அம்மா கேட்ட மூன்றாவது கேள்வியை என் வீட்டில் யாராவது கேட்டிருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பேன். இப்போது 2024 டிசம்பரில் ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. இந்த மாதிரிக் கொடுமை நடந்த அமைப்புகளின் விவரத்தைக் காலேஜ்களே பொதுவில் வெளியிட வேண்டும். உங்கள் அக்கா மகளை, சேர்வதற்கு முன் காலேஜ் இணையதளத்தில் அந்த அறிக்கையைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

நானும் அந்தத் தோழியும் பிறகு துடுப்புப் படகு அணியில் சேர்ந்தோம். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும், ஆனால் யாரும் எங்களை அழ வைத்ததில்லை.

மேரிலாந்திலிருந்து

நான் சேரவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் பிரிவின் மூத்த நர்ஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. கறுப்பினப் பெண்களுக்கான முதல் சொராரிட்டி, 1908-ல் அதே ஹோவர்டில் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் இதில் சேர்ந்ததும் ஹோவர்டில்தான், 1986-ல்.

ஒரு ராத்திரி 90 வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்து சேர்ந்தார். இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை, சாப்பிடவில்லை. மகள் கொண்டுவந்து போர்த்திய போர்வையில் இளஞ்சிவப்பும் பச்சையும் இருந்தது, அந்தச் சங்கத்தின் நிறங்கள். எங்கள் மூத்த நர்ஸ் வாசலில் நின்று பார்த்தார். கிட்டே போய்க் குனிந்து, மெல்லிய குரலில், நீட்டி, "ஸ்கீ-வீ" என்றார். அது அவர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் குரல். கிழவி கண்ணைத் திறந்தார். உதடு வறண்டிருந்தது. திரும்ப அதையே சொன்னார், பாதிதான் வந்தது. அப்புறம் நர்ஸைப் பார்த்து, எந்த வருஷம் சேர்ந்தாய் என்று கேட்டார். நான் கஞ்சியோடு நின்றுகொண்டிருந்தேன். நாலு ஸ்பூன் குடித்தார்.

நம் ஊரில் ஒரே கிராமத்துக்காரர் என்று தெரிந்தால் முகம் மாறுமே, அந்த மாதிரி. ஆனால் இங்கே பிறந்த ஊர் இல்லை, பத்தொன்பது இருபது வயதில் தானாகப் போய்ச் சேர்ந்த இடம்.

மறுபடி ஹூஸ்டனிலிருந்து

எல்லாவற்றையும் அக்கா மகளுக்கு அனுப்பிவிட்டேன். ஓஹையோ தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை படித்தாளாம். நீ அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாயே, அதைத்தான் அவள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ரஷ் பண்ணுவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை. காலேஜ் அறிக்கையை எடுத்துவைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளை கவுன் வாங்கட்டுமா என்று கேட்டதற்கு, விலைச் சீட்டைப் பிய்க்காமல் வைத்திரு என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த எல் பாசோ தோழியைப் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இப்போது அங்கேயே பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தத் தேதியில் குரல் பதிவு அனுப்புவாள். முதல் வருஷம் ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து, என் பிக்கிடம் கேட்டுப் பழகிக்கொண்டு, தமிழிலேயே கேட்கிறாள்: "தலைக்குக் குளிச்சியா?"