லெனோவோ திங்க்பேட் எக்ஸ்220 லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் ஓடுமா, ஓடாதா?

கரிகாலன்: "2011-ஆம் ஆண்டுப் பெட்டிக்குப் பணம் போடுவது வீண், திங்க்பேட் எக்ஸ்220 8 ஜிபி ரேமுக்கு மேல் ஏற்காது" என்று செந்தூரன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சென்னை ரிச்சி தெருவில் 7,000 ரூபாய்க்கு வாங்கிய என் எக்ஸ்220-இல் 8 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்) இரண்டு போட்டிருக்கிறேன். மொத்தம் 16. மூன்று ஆண்டுகளாக ஓடுகிறது. 7 மி.மீ. தடிமனுள்ள எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகம் ஒன்றைச் செருகி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். மகள் பள்ளிக் கட்டுரைகளை அதில்தான் எழுதுகிறாள். எது வீண்?

செந்தூரன்: கையேட்டைப் படியுங்கள் ஐயா. உச்சம் 8 ஜிபி. பெட்டியைத் தயாரித்தவர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

கரிகாலன்: அந்தக் கையேடு வந்தபோது 8 ஜிபி லேப்டாப் ரேம் கடையில் கிடைப்பதே அரிது. என் பெட்டியிலுள்ள ஐ5-2520எம் செயலி 16 ஜிபி வரை ஏற்கும் என்று இன்டெலே குறிப்பிட்டிருக்கிறது. 16!

முல்லை: இருவரும் ரேமையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பழைய வன்வட்டைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டதுதான் வேகத்துக்குக் காரணம். எக்ஸ்220-க்கு அடுத்து வந்த என் எக்ஸ்230 வெறும் 4 ஜிபியில் லினக்ஸோடு நன்றாகவே ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பெட்டிகளை முறைப்படி ஏற்பதில்லை. பேச வேண்டியது அதைத்தான்.

கரிகாலன்: எக்ஸ்230-ஐ இங்கே இழுக்காதீர்கள். ஏழு வரிசை விசைப்பலகையை ஆறாக்கிக் கெடுத்த பெட்டி அது. வேறு நிறுவனத்தின் பேட்டரியைப் போட்டால் அதன் பயாஸ் (பெட்டியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) மறுத்துவிடும். எக்ஸ்220-இல் அந்தத் தொல்லை இல்லை.

முல்லை: தமிழ்99 விசை அமைப்பில் எழுதுகிறவளுக்கு மூன்று வரிசை போதும் அண்ணா. மற்றவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூரன்: பேட்டரி என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்ற ஆண்டு இவர் பேச்சைக் கேட்டு 1,800 ரூபாய்க்கு மலிவு பேட்டரி வாங்கினேன். இரண்டே மாதத்தில் நாற்பது நிமிடத்துக்கு வந்துவிட்டது. அவர் சொல்லும் 16-ஐ மட்டும் நம்ப வேண்டுமா? ரேமில் பிழை உண்டா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓட்டிப் பார்த்தீர்களா?

கரிகாலன்: எனக்கு ஓடுகிறது என்றேன், உங்களை வாங்கச் சொல்லவில்லை. பழியை என்மேல் போடாதீர்கள். மெம்டெஸ்ட் ஒரு முழு இரவு ஓடியது. முதலில் 8 தான் காட்டியது, உண்மை. ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்தேன். சாய்வாகச் செருகி, இரு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். 16 வந்தது. காலையில் பார்த்தால் ஒரு பிழைகூட இல்லை.

செந்தூரன்: அழிப்பானால் தேய்த்தால் கையேட்டில் உள்ள எண்ணும் மாறிவிடுமா? 8 தான்.

புதியவன்: மன்னிக்கவும், எனக்கு ஒரு எக்ஸ்220 6,500 ரூபாய்க்கு வருகிறது. திரையின் கீல் கொஞ்சம் ஆடுகிறது. வாங்கலாமா?

கரிகாலன்: வாங்குங்கள். வாங்கியதும் 16 போடுங்கள்.

முல்லை: அவர் கீலைப் பற்றிக் கேட்டார்.

கரிகாலன்: இன்றிரவே கீழ்மூடியைத் திறந்து படம் போடுகிறேன். அப்புறம் செந்தூரன் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

செந்தூரன்: ரேமின் மேல் யார் வேண்டுமானாலும் ஸ்டிக்கர் ஒட்டலாம்.