உவர்மலை உறவுகள்: சித்தி அனுப்பிய காஸ் அடுப்பும் சுழல்கம்பிக் கோழியும்

சனிக்கிழமை

நான்: அனைவருக்கும் காலை வணக்கம். ரொறன்ரோவிலிருந்து சித்தி கப்பலில் அனுப்பிய பெட்டி நேற்று மாலை திருகோணமலை உவர்மலையில் உள்ள நமது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மூன்று பேர்னர் உள்ள பார்பிகியூ அடுப்பு துண்டு துண்டாகவும், முழுக்கோழியைச் சுழற்றும் கம்பியும் மோட்டரும் தனியாக ஒரு சிறிய பெட்டியிலும் இருக்கின்றன. இன்று பூட்டி முடித்தால், நாளை நாம் எல்லோரும் கூடும்போது அதிலேயே சமைக்கலாம் என்று நினைக்கிறேன்.

சித்தி (ரொறன்ரோ): பெட்டி பழுதில்லாமல் வந்தது மிகவும் மகிழ்ச்சி, மகன். கடையில் ஒரே மாதிரியான அடுப்பை இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒன்று வீட்டுக்குக் குழாய் வழியாக வரும் இயற்கை வாயுவுக்கு உரியது, மற்றது சிலிண்டரில் வரும் புரொப்பேனுக்கு உரியது. நான் இரண்டாவதைக் கேட்டு வாங்கினேன். அடுப்பின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் அது எழுதியிருக்கும், ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: அதைக் கேட்டு வாங்கியது நல்ல காரியம். இயற்கை வாயு அடுப்பில் வாயு வரும் துளை பெரிதாக இருக்கும். அதில் நமது சிலிண்டரைப் பூட்டினால் சுவாலை கட்டுக்கடங்காமல் எழும். தம்பி, இப்போதைக்குக் காஸைப் பற்றி நினைக்க வேண்டாம். சட்டத்தை முதலில் பூட்டுங்கள். முற்றத்தில் சமமான சீமெந்துத் தரையைத் தெரிவு செய்து, எல்லா மரையாணிகளையும் கையால் மட்டும் திருகி விடுங்கள். நான்கு காலும் தரையில் சரியாக நிற்கின்றன என்று பார்த்த பிறகுதான் சாவி போட்டு இறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கிவிட்டால், எதிர் மூலையில் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போய்விடும். இரும்புத் தகடுகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால், பூட்டும் முன்பே உரித்துவிடுங்கள். சூடுபட்டால் அது உருகிப் பிடித்துக்கொள்ளும்.

அம்மா: அத்தான், மகன் காலையிலிருந்து சாப்பிடாமல் வேலை செய்கிறார். எனக்குள்ள பயம் வேறு. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல வீடுகளில் காஸ் அடுப்புகளும் குழாய்களும் வெடித்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டு அடுப்பில் நமது சிலிண்டரைப் பூட்டுவது பாதுகாப்பானதா?

பெரியப்பா: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அப்போது பேசப்பட்ட முக்கியமான விடயம், சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை விகிதம் மாறியது. நமது சிலிண்டரில் வழக்கமாகப் பெரும்பங்கு பியூட்டேன்தான். கனடாவில் குளிர் கடுமையானது என்பதால் புரொப்பேனே பயன்படுகிறது. பியூட்டேன் பூச்சியம் பாகைக்குச் சற்றுக் கீழேயே திரவமாகிவிடும். புரொப்பேனோ மைனஸ் 42 பாகை வரை வாயுவாகவே இருக்கும். திருகோணமலை வெயிலில் இரண்டுமே நன்றாக எரியும், அது பிரச்சினை இல்லை. பிரச்சினை இணைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. அடுப்போடு வந்த றெகுலேற்றர் கனடாச் சிலிண்டரின் வாய்க்கு உரியது. நமது சிலிண்டரின் வாயில் அது உட்காராது. சிலர் அதை ஏதாவது ஒரு துண்டு வைத்து உட்கார வைக்கப் பார்ப்பார்கள். அதை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது.

நான்: அப்படியானால் என்ன செய்ய வேண்டும், பெரியப்பா?

பெரியப்பா: அந்த றெகுலேற்றரையும் அதன் குழாயையும் முழுதாகக் கழற்றி எடுத்துவிடுங்கள். அடுப்பின் பக்கத்தில் பித்தளைப் புரி ஒன்று மிஞ்சும். அதில் பொருந்தும் பித்தளை முனை ஒன்றை, நமது இறப்பர் குழாய் ஏறும்படியாக, காஸ் அடுப்புத் திருத்தும் ஒருவரைக் கொண்டு போடச் சொல்லுங்கள். மத்திய வீதிப் பக்கம் போனால் ஆள் கிடைப்பார். கூம்பு வடிவான அந்தப் பித்தளை முனை உலோகத்தோடு உலோகம் அழுந்தித்தான் அடைபடும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை அங்கே சுற்றினால் அடைப்புக் கெட்டுவிடும். பிறகு நமது சிலிண்டருக்கு உரிய புதிய றெகுலேற்றரையும் புதிய குழாயையும் வாங்கி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்குங்கள். கனடா அடுப்பு ஏறக்குறைய 27 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. நமது வீட்டு றெகுலேற்றர் 28 முதல் 30 வரை கொடுக்கும். இந்த அளவு நெருக்கம் போதும், சுவாலை சற்றே பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

அண்ணா (சிட்னி): அப்பா சொல்வது முற்றிலும் சரி. இங்கேயும் பார்பிகியூ புரொப்பேனில்தான் எரிகிறது, அழுத்தமும் அதே அளவுதான். ஆனால் தம்பி, மோட்டரைச் செருகும் முன் அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துப் பாருங்கள். அவுஸ்திரேலியாவில் மின்சாரம் இலங்கையைப் போல 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்பதால் இங்கிருந்து அனுப்பினால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ்.

நான்: பார்த்தேன், அண்ணா. 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்றுதான் எழுதியிருக்கிறது. பிளக் மாற்றிச் செருகினால் உடனே எரிந்துபோயிருக்கும்.

அண்ணா (சிட்னி): ஆம். 230 ஐ 120 ஆகக் குறைக்கும் சிறிய டிரான்ஸ்போமர் ஒன்று வாங்குங்கள். சுழல்கம்பி மோட்டர் மிகவும் குறைந்த மின்சாரத்தையே எடுக்கும் என்பதால் 100 வாற்ஸ் அளவு தாராளமாகப் போதும். டிரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. ஆகவே மோட்டர் கனடாவில் சுற்றுவதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றலாம். கோழிக்கு அதனால் ஒரு குறையும் வராது. டிரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்தே வயரை இழுங்கள், டிரான்ஸ்போமரை அடுப்பின் சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

அக்கா (நிலாவெளி): இதையெல்லாம் படித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு விடயம் சொல்ல வேண்டும். இது கச்சான் காற்று வீசும் காலம். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் உவர்மலையில் காற்று எப்படி அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்பின் முதுகுப் பக்கத்தை நேரே காற்றுக்குக் காட்டினால், மூடியின் பின்னிடுக்கு வழியாகக் காற்று உள்ளே புகுந்து சூட்டை முன்னால் குமிழ்கள் பக்கம் தள்ளும். காற்றுக்குப் பக்கவாட்டாக நிறுத்துங்கள். விறாந்தைக்குள் இழுத்துச் செல்ல வேண்டாம்.

பெரியப்பா: பிள்ளை சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது. ஒழுகினால் மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளமான இடத்தில் தேங்கும். உங்கள் முற்றத்தில் கிணற்றுப் பக்கம் சரிவு இருக்கிறது, கழிவுநீர்க் கானும் அங்கேதான். அந்தப் பக்கம் வேண்டாம். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். 5 கிலோ சிலிண்டர் கைக்கு வசதியானது என்றாலும் மூன்று பேர்னரையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எரித்தால் அது குளிர்ந்து வியர்த்து அழுத்தம் விழுந்துவிடும், ஆகவே 12.5 கிலோவையே வையுங்கள்.

சனி, மாலை

நான்: பித்தளை முனையைத் திருத்துபவர் வந்து போட்டுவிட்டார். பாத்திரம் கழுவும் திரவத்தையும் தண்ணீரையும் சம அளவாகக் கலந்து, அடுப்பின் குமிழ்கள் எல்லாவற்றையும் மூடிவைத்து, சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் பிரஷ்ஷால் தடவிப் பார்த்தோம். அடுப்புப் பக்கத்துக் கிளிப்பின் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, உடைந்து, அதே இடத்தில் மறுபடியும் எழுந்தது. கிளிப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கியதும் நின்றுவிட்டது.

அம்மா: அந்தக் குமிழியை நானும் அருகிலிருந்து பார்த்தேன். மூக்கில் மணமே வரவில்லை, சவர்க்காரத்தில்தான் தெரிந்தது. இனிமேல் குசினி அடுப்புக்கும் மாதம் ஒருமுறை இப்படித் தடவிப் பார்க்கப் போகிறேன்.

பெரியப்பா: மிகவும் நல்லது. முதன்முறை பற்ற வைக்கும் முன் பேர்னர் குழாய்களைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிலந்திக்கும் குளவிக்கும் அந்தக் குழாய் மிகவும் பிடித்த இடம். உள்ளே கூடு இருந்தால் வாயு முன்னே போக வழியில்லாமல் பின்னால் குமிழ்ப் பக்கம் வந்து எரியும். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு குழாயின் வாயும் வாயுத் துளையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நான்: ஒரு குழாயின் வாயில் வெள்ளைப் பஞ்சு போல சிலந்தி வலை இருந்தது, பெரியப்பா. போத்தல் கழுவும் பிரஷ்ஷால் துடைத்து எடுத்தேன். பிறகு நீங்கள் சொன்னபடி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே பற்ற வைத்தோம். நீலச் சுவாலை, நுனியில் மட்டும் சற்று மஞ்சள். மூடியை மூடி இருபது நிமிடம் முழுச் சூட்டில் விட்டதில், தொழிற்சாலை எண்ணெயின் புகை எல்லாம் எரிந்து போய்விட்டது.

பெரியப்பா: நுனி மஞ்சள் பரவாயில்லை. முழுவதும் மஞ்சளாகிக் கரி படிந்தால், பேர்னரின் அடிவாயில் உள்ள காற்றுத் தகட்டைச் சற்றுத் திறந்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

சித்தி (ரொறன்ரோ): காஸ் வேலையை அத்தான் பார்த்துவிட்டார், கோழி வேலையை நான் சொல்கிறேன். ஒன்றரைக் கிலோ அளவிலான முழுக்கோழி போதும். உப்பு, மிளகு, மஞ்சள், இஞ்சி, உள்ளி, தேசிக்காய்ச் சாறு எல்லாம் தடவி இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருப்பீர்கள். சீனியோ தேனோ இப்போது சேர்க்க வேண்டாம், அது கோழி வேகும் முன்பே கருகிவிடும். கடைசிப் பத்து நிமிடத்தில் பூசினால் போதும். சிறகுகளை உடம்போடும் கால்கள் இரண்டையும் ஒன்றோடொன்றும் பருத்தி நூலால் இறுகக் கட்டுங்கள். நைலோன் நூல் உருகிவிடும்.

நான்: கட்டிவிட்டோம், சித்தி. கம்பியை ஏற்றி, இரண்டு பக்கமும் கவ்விகளைக் குத்தி இறுக்கியாயிற்று. ஆனால் மோட்டர் ஒரு பாதி சுற்றில் முனகி மெதுவாகிறது, மறு பாதியில் கோழி தானாகவே தொப்பென்று விழுந்து சுற்றுகிறது.

சித்தி (ரொறன்ரோ): உடனே நிறுத்துங்கள், மகன். அதுதான் சமநிலை இல்லை என்பதன் அடையாளம், அப்படியே விட்டால் மோட்டரின் பற்சக்கரம் தேய்ந்துபோகும். மோட்டரைக் கழற்றிவிட்டு, கம்பியின் இரு முனைகளையும் இரண்டு விரல்களின் மேல் தளர்வாக ஏந்திப் பாருங்கள். பாரமான பக்கம் தானாகத் திரும்பிக் கீழே வந்து நிற்கும். பெரும்பாலும் அது நெஞ்சுப் பக்கமாகத்தான் இருக்கும். கம்பியை நெஞ்சுக்கு நெருக்கமாகக் குத்தி ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். மிச்சத்துக்குத்தான் பெட்டியில் அந்த எதிர்ப்பாரம் இருக்கிறது. பாரமான பக்கம் கீழே நிற்கும்போது எதிர்ப்பாரம் நேர் மேலே நிற்கும்படி பூட்டுங்கள். எந்த இடத்தில் விட்டாலும் கோழி அந்த இடத்திலேயே நின்றால் சரி. நான் இதில்தான் அதிக நேரம் செலவழிப்பேன், இது சரியாக அமைந்தால் அதன் பிறகு அடுப்பே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

நான்: இப்போது சீராகச் சுற்றுகிறது. ஒரு காலின் நுனி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கீழே உள்ள தட்டில் உரசியது. நூலை இன்னும் ஒரு சுற்றுக் கட்டியதும் அதுவும் நின்றுவிட்டது.

அக்கா (நிலாவெளி): சுவாலைக்கு நேர் மேலேயா கோழி சுற்றுகிறது?

சித்தி (ரொறன்ரோ): இல்லை, பிள்ளை. கம்பித் தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, நடுப் பேர்னரை அணைத்து, அதன் மேல் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய தட்டை வைக்க வேண்டும். இரண்டு பக்கப் பேர்னர்கள் மட்டும் எரியட்டும். கோழியிலிருந்து உருகும் நெய் அந்தத் தண்ணீரில் விழுவதால் தீப்பிடிக்காது. மூடியின் வெப்பமானி 180 க்கும் 200 க்கும் இடையில் நிற்கும்படி குமிழைச் சரிசெய்யுங்கள். மூடியை அடிக்கடி திறந்தால் ஒவ்வொரு முறையும் சூடு போய்விடும். தண்ணீர் வற்றியதா என்று பார்க்க மட்டும் திறந்தால் போதும்.

அண்ணா (சிட்னி): அரை மணித்தியாலம் கழித்துக் கவ்விகளின் திருகுகளை ஒருமுறை குறட்டால் இறுக்குங்கள். இறைச்சி சுருங்கும்போது பிடி தளரும், பிறகு கம்பி மட்டும் சுற்றும், கோழி அப்படியே நிற்கும்.

நான்: ஒரு மணித்தியாலம் தாண்டிவிட்டது. தோல் எல்லாப் பக்கமும் ஒரே பொன்னிறமாக இருக்கிறது, தொடையில் குத்திய வெப்பமானி 71 பாகை காட்டுகிறது.

சித்தி (ரொறன்ரோ): வெப்பமானியின் முனை எலும்பிலோ கம்பியிலோ படாமல் தொடையின் தடித்த இடத்தில் இருக்க வேண்டும், பட்டால் கூடுதலாகக் காட்டும். 74 பாகை வந்த பிறகே இறக்க வேண்டும். இப்போது தேனும் தேசிக்காய்ச் சாறும் பூசுங்கள். இறக்கியதும் பத்து நிமிடமாவது வெட்டாமல் வைத்திருங்கள், சாறு உள்ளேயே தங்கும். கவ்வியின் திருகைக் கையால் தொட வேண்டாம்.

அக்கா (நிலாவெளி): நாங்கள் இன்னும் பத்து நிமிடத்தில் அங்கே இருப்போம். அடுத்த முறை பாரை மீனையும் இப்படிச் சுற்ற முடியுமா?

பெரியப்பா: மீன் வெந்ததும் கம்பியிலிருந்து உதிர்ந்துவிடும், பிள்ளை. அதற்குக் கம்பிக் கூடை தனியாக வேண்டும். தம்பி, சாப்பிட உட்காரும் முன் முதலில் சிலிண்டரை மூடுங்கள், குழாயில் மிச்சமிருக்கும் காஸ் எரிந்து முடிந்ததும் குமிழ்களை மூடுங்கள். நமது ஊரின் உப்புக் காற்று மோட்டரையும் திருகுகளையும் வெகுவிரைவில் துருவேற்றிவிடும். ஆறியவுடன் மோட்டரைக் கழற்றி உள்ளே வையுங்கள், கம்பியைக் கழுவி உலர்த்தித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், அடுப்பு முற்றாக ஆறிய பிறகே உறை போடுங்கள்.

நான்: சிலிண்டரை மூடிவிட்டேன், பெரியப்பா. உங்களுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு தொடையும் நெஞ்சுத் துண்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். கறிவேப்பிலைச் சம்பலும் பாணும் தயாராக இருக்கின்றன, உடனே புறப்பட்டு வாருங்கள்.