ராய் ஹாலடேயின் விமானம் ஏன் மீளவில்லை?

கேள்வி:
2017 நவம்பர் 7 அன்று பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே தனியாக ஓட்டிய ஐகான் ஏ5, புளோரிடாவை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவில் விழுந்து அவர் உயிரிழந்தார். நீரில் இறங்கவே வடிவமைத்த விமானம், அந்த ரகத்தில் பாராசூட் வசதியும் உண்டு. பிறகு எப்படி?

பதில்:
பாராசூட் விரிய உயரம் வேண்டும், நண்பரே. அவர் அலைகளை உரசுவதுபோல் பறந்தார். பிறகு செங்குத்தாக மேலேறித் திருப்பினார். வேகம் செத்தது, மூக்கு கவிழ்ந்தது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால், இறக்கை தாங்கும் குறைந்தபட்ச வேகமே சுமார் 41 சதவீதம் கூடிவிடும். ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் அது பாடம். அவர் பறந்த தாழ்வில் அவகாசமே இல்லை. ‘எளிதில் சுழலாத விமானம்’, அதாவது வேகமிழந்தாலும் பம்பரம்போல் சுற்றிக்கொண்டு விழாது என்ற விளம்பரப் பெருமை எனக்கு எப்போதுமே எரிச்சல்தான். சுழலாவிட்டாலும் விழும்!

பதில்:
விசாரணை அறிக்கையையும் சொல்லுங்கள். தாழ்வான உயரத்தில் மூர்க்கமாகத் திருப்பியதையும், பல மருந்துகளின் பாதிப்பில் இருந்ததையும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகக் குறித்தது.

கேள்வி கேட்டவர்:
அவ்வளவு தாழ்வாகப் பறக்கச் சட்டம் விடுகிறதா?

பதில்:
திறந்த நீர்ப்பரப்பின் மேல் அமெரிக்க விதி குறைந்தபட்ச உயரம் எதையும் சொல்வதில்லை. ஆள், படகு, கட்டடம் ஆகியவற்றிலிருந்து 500 அடி விலகியிருந்தால் போதும்.