ஜாங்கோவுக்கு அப்புறம் யாரைக் கேட்பது?

ஜிப்சி ஜாஸ் (ஐரோப்பிய ரோமா மக்கள் வளர்த்த ஜாஸ் பாணி) கிட்டார் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் 1934-இல் பாரிஸில் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு தொடங்கிய குழுவின் பதிவுகளை ஓரளவு கேட்டுவிட்டேன். 1928 தீ விபத்தில் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் முடங்கிப்போன மனிதர், மற்ற இரண்டை வைத்துக்கொண்டு கிட்டாரில் அந்த ஓட்டம் ஓடுவதை இன்னமும் நம்ப முடியவில்லை. அடுத்து பிரெலி லக்ரேன், ஸ்டோகெலோ ரோசன்பெர்க், ஆஞ்செலோ டெபார் என்ற கிட்டார் கலைஞர்கள் மூவரில் யார்? பிரெலி ஃப்யூஷன் (ஜாஸும் ராக்கும் கலந்த இசை) பக்கமும் போனவர், அதனால் ஆல்பத்தின் பெயரையும் சொல்லுங்கள்.

அப்புறம், டிரம்ஸே இல்லாமல் தாளத்தைத் தூக்கி நிறுத்தும் அந்த 'லா போம்ப்' ஸ்ட்ரம்மிங். இரண்டாவது, நான்காவது தட்டில் ஒலியைச் சட்டென்று வெட்ட வேண்டும் என்பது புரிகிறது, ஆனால் வேகம் கூடினால் மணிக்கட்டு இறுகிவிடுகிறது. சாதாரண அக்குஸ்டிக் கிட்டாரிலேயே பழகலாமா? நிதானமாகச் சொல்லித்தரும் வீடியோ இருந்தால் லிங்க் போடுங்கள்.