மறுமொழி: ‘ரிமூவல்’ – வழக்கு நீக்கமா, மாற்றமா, பெயர்ப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

> அமெரிக்க நீதிமன்றச் சொல்லடைவில் ‘ரிமூவல்’ என்பதற்கு ‘வழக்கு நீக்கம்’ என்று போட்டிருக்கிறோம். ‘வழக்கு மாற்றம்’ என்று திருத்திவிடலாமா?

ஐயா, மாநில நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கைப் பிரதிவாதி கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசின் நீதிமன்றத்துக்கு, கொண்டுபோவதுதான் ரிமூவல். ஆகவே ‘நீக்கம்’ கட்டாயம் போக வேண்டும். ஆனால் அந்த இடத்துக்கு ‘மாற்றம்’ வரக் கூடாது.

‘நீக்கம்’ செய்யும் தீங்கைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இங்கே நியூ ஜெர்சியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், சரக்கு லாரி மோதிக் கால் முறிந்தவர், வக்கீல் வைக்காமல் தாமே மாநில நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். லாரி நிறுவனம் வேறு மாநிலத்தைச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் ‘நோட்டீஸ் ஆஃப் ரிமூவல்’ என்று ஒரு தாள் வந்தது. வீட்டுப் பையன் அதைப் படித்து, “வழக்கை நீக்கிட்டாங்க தாத்தா” என்றான். அவரும் எல்லாம் முடிந்தது என்று நம்பித் தாளை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். வழக்கு எங்கும் போகவில்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தில் உயிரோடு இருந்தது. அந்த நிறுவனம் அதை அங்கே கொண்டுபோனதே 30 நாள் கெடு தாண்டிய பிறகுதான். அந்தக் குறையைச் சொல்லி வழக்கைத் திரும்பக் கேட்க வாதிக்கும் 30 நாள்தான் அவகாசம். அவருடைய 30 நாளும் பீரோவுக்குள் கழிந்தன.

இனி ‘மாற்றம்’. நம் ஊரில் வழக்கு மாற்றம் என்றால், யாரோ மனுப் போட்டு, ஒரு மேல் நீதிமன்றம் ஆணையிட்டு நடப்பது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றம் செய்வது அதுதான். அமெரிக்க ரிமூவலில் ஆணையும் கிடையாது, அனுமதியும் கிடையாது. பிரதிவாதி கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஓர் அறிவிப்பைத் தாக்கல் செய்து, எதிர்த்தரப்புக்குத் தெரிவித்து, மாநில நீதிமன்றத்திலும் அதன் படியைக் கொடுத்தால் போதும். அதோடு மாநில நீதிமன்றம் வழக்கை நிறுத்திவிட வேண்டும். தகுதி இருந்ததா என்ற ஆராய்ச்சியெல்லாம் பிறகுதான். இந்த உரிமை 1789ஆம் ஆண்டின் முதல் நீதித்துறைச் சட்டத்திலேயே இருக்கிறது. அயல் மாநிலத்தானுக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்குமா என்ற அச்சம் அன்றே இருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்படிக் கொண்டுபோன வழக்கை, ஒரு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்திலிருந்து இன்னொரு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு நீதிபதி ஆணையிட்டு அனுப்பலாம். அதுதான் ‘டிரான்ஸ்ஃபர்’. ஒரே வழக்கில் இரண்டும் நடப்பதுண்டு. ‘மாற்றம்’ என்ற சொல்லை ரிமூவலுக்குக் கொடுத்துவிட்டால் டிரான்ஸ்ஃபருக்கு எதை வைப்பது?

என் பரிந்துரை: வழக்குப் பெயர்ப்பு. ‘பெயர்வு’ அல்ல, ‘பெயர்ப்பு’. பெயர்தல் தானாக நகர்வது. பெயர்த்தல் ஒருவர் நகர்த்துவது. வழக்கு தானாக நகரவில்லை, பிரதிவாதி நகர்த்துகிறார். ஒரு மெய்யெழுத்துக்குள் சட்டத்தின் பாதி வந்துவிடுகிறது.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து

---

வணக்கம் ஐயா.

> பெயர்த்தல் ஒருவர் நகர்த்துவது

இலக்கணம் சரி. ஆனால் ‘பெயர்ப்பு’ என்றதும் எங்கள் மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புதான் நினைவு வரும். சுவரைப் பெயர்த்தான் என்பதுபோல இடிப்பதும் தொனிக்கிறது. பிரதிவாதி நினைத்தால் எந்த வழக்கையும் பெயர்த்துவிடலாம் என்று வாசகர் எண்ண மாட்டாரா?

இன்னொன்று. மலேசியாவில் நாங்கள் ‘கூட்டரசு நீதிமன்றம்’ என்பது நாட்டின் உச்ச நீதிமன்றத்தை. அமெரிக்காவில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்களே 94 என்கிறார்கள். சொல்லடைவில் இதற்கு ஒரு குறிப்பு வேண்டும்.

கொண்டுபோன வழக்கை மாநில நீதிமன்றத்துக்கே திரும்ப அனுப்பும் ‘ரிமாண்ட்’ என்ற சொல்லும் பாக்கி இருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து

---

அம்மா, வணக்கம்.

தொனி பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. எனக்கு மனத்தில் இருந்தது சுவர் அல்ல, செடி. ஓரிடத்தில் வேர்விட்ட செடியை வேர்மண்ணோடு பெயர்த்து இன்னோரிடத்தில் நடுகிறோமே, அது. இங்கே அந்த வேர்மண்ணும் உண்மை. 1938இல் ஈரி ரயில்ரோடு எதிர் டாம்ப்கின்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான்: தரப்பினர் வேறு வேறு மாநிலத்தவர் என்பதால் மட்டும் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், உரிமைகளைத் தீர்மானிப்பது மாநிலச் சட்டமே. நீதிமன்றம் மாறும், நடைமுறை மாறும், அடிப்படைச் சட்டம் கூடவே வரும்.

எந்த வழக்கையும் பெயர்க்க முடியாது என்பதையும் பதிவிலேயே எழுதிவிடலாம். கூட்டாட்சி நீதிமன்றத்திலேயே தொடுத்திருக்கக்கூடிய வழக்காக அது இருக்க வேண்டும். இருதரப்பும் வேறு வேறு மாநிலத்தவர், கோரும் தொகை 75,000 டாலருக்கு மேல் என்பது ஒரு வழி. அதிலும் வழக்குத் தொடுத்த மாநிலத்தைச் சேர்ந்தவரே பிரதிவாதியானால் பெயர்க்க முடியாது. கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து எழும் கோரிக்கை என்பது மற்றொரு வழி.

இந்த இரண்டாவது வழியை விளக்க மாட்லி தம்பதியின் வழக்கைவிட நல்லதொன்று எனக்குத் தெரியாது. 1871இல் ரயில் விபத்தில் காயமடைந்தவர்கள். நட்டஈட்டுக்குப் பதிலாக ஆயுள் முழுக்க இலவசப் பயணம் என்று ரயில் நிறுவனத்தோடு ஒப்பந்தம். 1906இல் இலவசப் பயணச் சீட்டுகளைத் தடுத்து நாடாளுமன்றம் சட்டம் போட, நிறுவனம் கையை விரித்தது. தம்பதி கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள், கீழே வென்றார்கள். 1908இல் உச்ச நீதிமன்றம், இங்கே வந்ததே தவறு என்றது: உங்கள் கோரிக்கை வெறும் ஒப்பந்த மீறல், கூட்டாட்சிச் சட்டம் எதிர்த்தரப்பின் பதிலில்தான் வருகிறது, அது போதாது. மாநில நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்கி மறுபடி மேலே வந்தார்கள், 1911இல் தோற்றார்கள். முதுமையில் அந்த இருவரை இத்தனை ஆண்டு அலையவிட்ட விதி என்பதால் எனக்கு அதன்மேல் வருத்தம் உண்டு. ஆனால் விதி இன்றும் நிற்கிறது. பெயர்ப்புக்கும் அதுவே அளவுகோல்: வாதியின் வழக்குரையைப் பார், பிரதிவாதியின் எதிருரையைப் பார்க்காதே.

‘ரிமாண்ட்’ என்றால் தமிழ்நாட்டில் சிறைக்காவல் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘கீழனுப்பு’ என்று ஒரு நண்பர் சொன்னார். அதை ஏற்க முடியவில்லை. மாநில நீதிமன்றம் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே இல்லை, பக்கத்தில் இருக்கிறது. மேல் கீழ் சொல்லாத ‘திருப்பியனுப்பல்’ போதும். 2025 ஜனவரியில் ராயல் கேனின் எதிர் வுல்ஷ்லேகர் வழக்கின் தீர்ப்புக்கும் இது பொருந்துகிறது. வழக்கு பெயர்க்கப்பட்ட பிறகு வாதி வழக்குரையைத் திருத்திக் கூட்டாட்சிச் சட்டக் கோரிக்கைகளை விட்டுவிட்டார். மிஞ்சியவை மாநிலச் சட்டக் கோரிக்கைகள் மட்டுமே, ஆகவே மாநில நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்ப வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

கூட்டரசுக் குறிப்பை நீங்களே எழுதித் தாருங்கள். மற்றவை இப்படி இருக்கட்டும்:

வழக்குப் பெயர்ப்பு: மாநில நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கைப் பிரதிவாதி தம் அறிவிப்பால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்வது. வழக்கு முடிவதில்லை.

பெயர்ப்பு அறிவிப்பு: அதற்கான ஆவணம். கையில் கிடைத்தால் உடனே சட்ட உதவி நாடவும். நடைமுறைக் குறையை எதிர்க்கும் கெடு, தாக்கலான நாளிலிருந்து 30 நாள்.

கடைசி வாக்கியம் சொல்லடைவுக்கு உரியதல்ல என்று ஆசிரியர் குழு நினைக்கலாம். அதை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து