ஆடியில் இரண்டு நாள் ஓட்டமும் மலையேற்றமும்: நாகர்கோவில் பக்கம் எங்கே போகலாம்?

ஊர்திரும்பி:

வணக்கம். சொந்த ஊர் நாகர்கோவில், பத்து வருஷமாகச் சென்னையில் வேலை. அங்கே ஞாயிறுதோறும் சேர்ந்து ஓடும் கூட்டாளிகள் நான்கு பேரும் நானுமாக ஆடியில் ஒரு சனி, ஞாயிறு ஊருக்கு வருகிறோம். "தார் ரோட்டிலேயே ஓடி அலுத்துப் போச்சு, உங்க ஊர்லதான் மலையும் கடலும் பக்கத்து பக்கத்துல இருக்காமே" என்று ஆரம்பித்தது, இப்போது வழிகாட்டி வேலை என் தலையில். உண்மையைச் சொன்னால், ஊரில் இருந்தவரை பஸ் போகாத இடத்துக்கு நான் போனதில்லை. மருந்துவாழ்மலைக்கே பத்தாம் வகுப்பில் ஒரு தடவை போனதுதான்.

நாங்கள் போட்ட திட்டம்: சனிக்கிழமை காலை மருந்துவாழ்மலையை ஓடியே ஏறி இறங்குவது. ஞாயிறு காளிகேசத்திலிருந்து காட்டுக்குள் ஒரு 15 கிலோமீட்டர். எங்களில் ஒருத்தி 21 கிலோமீட்டரை அசால்ட்டாக ஓடுவாள். இன்னொருவனுக்கு முழங்காலில் பழைய அடி. இது சரிப்பட்டு வருமா?

சானல்கரை ஓட்டக்காரன்:

சரிப்படாது. இரண்டையும் மாற்றுங்கள்.

மலையில் நடங்கள், கரையில் ஓடுங்கள். இந்த மாவட்டத்தில் ஓடுவதற்கென்றே வெட்டி வைத்த மாதிரி சானல் (பாசனக் கால்வாய்) கரைகள் இருக்கும்போது, பாறையில் ஓடிக் காலை உடைத்துக்கொள்வானேன்? தோவாளை சானலை எடுத்துக்கொள்ளுங்கள். தெரிசனங்கோப்பு, அழகியபாண்டியபுரம் பக்கம் ஒரு கையில் மலை, மறு கையில் வயல். கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்கு அணையைத் திறந்துவிட்டால் ஆடியில் தண்ணீர் கரை தொட்டு ஓடும். கரையில் செம்மண்ணும் நடுவில் புல்லுமாக இருக்கும், முழங்கால் அடிபட்டவருக்கும் அது தோதுதான். ஆறு கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள், போதும். ஒரே ஒரு மரியாதை: படித்துறை வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, தலையைக் குனிந்து நடந்து தாண்டுங்கள். காலையில் பெண்கள் குளிக்கிற நேரம். கைப்பேசியை வெளியே எடுக்கவே கூடாது.

அடுத்தது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று முதலில் சொன்னவன் ஆரல்வாய்மொழிக்காரனாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஊர்க் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளையே சுற்ற வைக்கிறது. அதனால் தெம்பு இருக்கும்போதே மேற்கே பார்த்து ஓடிவிடுங்கள், திரும்பும்போது அது முதுகைத் தள்ளிவிடும். நான் முதல் தடவை தலைகீழாகச் செய்தேன். போகும்போது என்னமோ நான் பெரிய ஓட்டக்காரன் என்று நினைப்பு, வரும்போது கடைசி மூன்று கிலோமீட்டர் நடை.

சாயங்காலம் சும்மா இருக்க முடியாது என்றால் சுசீந்திரம், தேரூர் குளக்கரை. 2022-ல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். பறவை நிறைய வருவது மழைக்குப் பிறகுதான், ஆடியில் கொக்கும் நீர்க்காகமும் கண்டால் திருப்திப்படுங்கள்.

காளிகேசம் விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். அது காட்டுயிர் சரணாலயம். சோதனைச்சாவடியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வழி தெரியும் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 2018-ல் தேனிப் பக்கம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024-ல் வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து போகும்படி திறந்திருக்கிறது. அதில் பாருங்கள், வழிகாட்டியோடு போங்கள், நடந்து போங்கள். யானை நடமாடும் காட்டில் ஓடுவது வீரம் கிடையாது.

பொற்றையடிக்காரன்:

தம்பி, மேலே சொன்னவர் சொன்னது சரிதான். நான் மலையடிவாரத்திலேயே இருக்கிறேன், வயது 61, வாரம் ஒரு தடவையாவது ஏறுவேன். வெளியூர் பிள்ளைகள் எல்லாரும் பண்ணுகிற தப்பு ஒன்றுதான்: எட்டரை மணிக்கு இட்லி தின்றுவிட்டு வருவார்கள். வெயில் ஏறினால் அந்தப் பாறை தோசைக்கல். அஞ்சரைக்கெல்லாம் முதல் படியில் கால் வையுங்கள், பிள்ளைத்தடம் குகை வரைக்கும் பைய ஏறுங்கள். நாராயண குரு தவம் இருந்த இடம், அங்கே போய்ப் பாட்டுப் பெட்டியைப் போட வேண்டாம். உச்சியில் வானம் தெளிவாக இருந்தால் வள்ளுவர் சிலை தீக்குச்சி மாதிரி தெரியும்.

ஏறுவது பெரிய காரியம் இல்லை, இறங்குவதுதான், கேட்டியளா? ஆடிச் சாரலில் தண்ணீர் கசிகிற இடத்தில் கறுப்பாக ஒரு பாசி படர்ந்திருக்கும். நிழல் என்று நினைத்துக் காலை வைப்பார்கள். கறுப்பாக இருந்தால் மிதிக்காதே, அவ்வளவுதான். முழங்கால் பையனுக்கு ஒரு கம்பு வாங்கிக் கொடுங்கள். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள், குரங்கு கையோடு பறிக்கும்.

மலையோரத்துப் பெண்:

ரத்தம் உறிஞ்சுகிற அட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அண்ணா, காளிகேசம் பக்கம் சாரல் நேரத்தில் ரப்பர் தோட்டத்துச் சருகிலேயே ஆரம்பித்துவிடும். உப்பும் புகையிலையும் நனைத்துப் பிழிந்த துணியைக் கணுக்காலில் சுற்றிக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் பால்வெட்டப் போகிறவர்கள் செய்வது அதுதான். கடித்தால் பிடுங்கி எறியாமல் உப்பு வையுங்கள். மழை பலமாக இருந்தால் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரும், அன்று உள்ளே விடவும் மாட்டார்கள். அப்படியானால் வருத்தப்படாமல் சிதறால் போய்விடுங்கள். நடை கொஞ்சம்தான், ஆனால் 9-ஆம் நூற்றாண்டு சமணச் சிற்பங்கள் இருக்கிற மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் தின்ன வேறு எங்கே கிடைக்கும்? (கிழங்கைக் கீழேயே தின்றுவிட்டு ஏறுங்கள், மேலே குப்பை போடக் கூடாது.)

ஊர்திரும்பி:

போய்விட்டு வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி.

சனி அதிகாலை மலை. ஐந்தரை மணி என்று சொல்லி ஆறேகாலுக்குத்தான் தொடங்கினோம், ஊர்க்காரன் நான்தான் கடைசியாக எழுந்தேன். உச்சியில் காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. வள்ளுவர் தெரிந்தார். இறக்கத்தில் கறுப்புப் பாறையை மிதித்து உட்கார்ந்தபடியே சறுக்கியது யார் என்கிறீர்கள்? 21 கிலோமீட்டர்காரிதான். உள்ளங்கையில் சிராய்ப்பு, நல்லவேளை வேறொன்றும் இல்லை. முழங்கால்காரன் கம்பை ஊன்றி ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்து வைத்து எங்களுக்கு முன்னால் கீழே போய் சாயா குடித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு சானல் கரை. மேற்கே பார்த்துப் போகும்போது திட்டினார்கள், திரும்பும்போது கும்பிட்டார்கள். ஓட்டம் முடிந்து அப்படியே சானலில் இறங்கியவர்களை ஒரு மணி நேரம் கரையேற்ற முடியவில்லை. காளிகேசத்துக்கு இந்தத் தடவை பதிவு செய்ய நாள் போதவில்லை, அதனால் அட்டை தப்பித்தது.

ரயிலுக்கு ஒரு குலை மட்டிப்பழம் வாங்கினோம். மதுரை வருவதற்குள் காம்புதான் மிச்சம். மார்கழியில் மறுபடியும் வருவதாகச் சொல்கிறார்கள். அப்போது சானலில் தண்ணீர் இருக்குமா?