லாலுவிடம் வரைபடம் இல்லை

எம்.ஏ. படிக்கும்போது முல்க் ராஜ் ஆனந்தின் ‘அக்ராஸ் தி பிளாக் வாட்டர்ஸ்’ எங்களுக்குப் பாடம். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன பஞ்சாபிச் சிப்பாய் லாலுவின் கதை. அதுவரை அந்தப் போரைப் பற்றி எனக்குத் தெரிந்தது பாட்டி வாயில் அடிக்கடி வரும் ‘எம்டன்’ மட்டும்தான். அந்த ஜெர்மன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. நான்கு நாள் கழித்து, 26ஆம் தேதி, இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியது. நாவலும் அந்தத் துறைமுகத்தில்தான் ஆரம்பிக்கிறது.

எனக்கு வரலாறு பிடிக்கும். அதனால் மேசையில், போர் நடந்த பிளாண்டர்ஸ் பகுதியின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தேன். ஈப்ர், லா பாசே, ஃபெஸ்தூபேர் என்று ஊர்களை வட்டம் போட்டு, இந்த அத்தியாயம் எந்தச் சண்டை, எந்தத் தேதி என்று பொருத்திப் பார்த்தேன். பொருந்தவே இல்லை. நடக்கிறார்கள், காத்திருக்கிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஓரத்தில் ‘தெளிவில்லை’ என்று நாலைந்து இடத்தில் எழுதி வைத்தேன். வகுப்பிலும் அதையே குறையாகச் சொன்னேன்.

ஆசிரியை கோபப்படவில்லை. “லாலுகிட்ட மேப் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். அப்புறம், பதுங்குகுழி வரும் ஒரு பகுதியைத் திரும்பப் படித்து லாலுவுக்கு என்னென்ன தெரியும் என்று மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அன்று இரவு வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மழை, சேறு, ஹவில்தார் இன்று என்ன மனநிலையில் இருக்கிறார், பக்கத்தில் நேற்று இருந்தவன் இன்று இருக்கிறானா. லாலுவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கூடவே நிலம். அவன் குடும்பம் பறிகொடுத்த நிலம். போரில் நன்றாக உழைத்தால் சர்க்கார் அதைத் திரும்பக் கொடுக்கும் என்று நம்பித்தான் அவன் கடல் தாண்டி வந்திருக்கிறான். பிரெஞ்சுக்காரன் வயலைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு விவசாயியின் கண்ணோடு, ஏக்கத்தோடு பார்க்கிறான். முதல் வாசிப்பில் அந்தப் பக்கங்களை ‘எப்போது சண்டை வரும்’ என்று புரட்டித் தள்ளியிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஆனந்தின் அப்பா டோக்ரா படைப்பிரிவில் சுபேதாராக இருந்தவர். நாவல் அவர் நினைவுக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தையும் நான் இரண்டாம் முறைதான் கவனித்தேன்.

உங்களில் வேறு யாராவது இதைப் படித்திருந்தால் எப்படிப் படித்தீர்கள் என்று எழுதுங்கள்.

* * *

எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் இந்த நாவலுக்கு வந்தது கடிதங்கள் வழியாக. பிரான்சிலிருந்தும் இங்கிலாந்து மருத்துவமனைகளிலிருந்தும் சிப்பாய்கள் ஊருக்கு எழுதியவற்றை ராணுவத் தணிக்கை அலுவலகம் படித்து, சில பகுதிகளை மொழிபெயர்த்து வைத்தது. அவற்றில் ஒரு தொகுதி பின்னால் புத்தகமாகவும் வந்தது. ஆய்வுக்காக அதைப் படித்துவிட்டு, கையோடு நாவலை எடுத்தேன்.

ஒரு கடிதத்தில் கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகைப் பயன்படுத்துகிறார்கள் என்று வரும். சமையல் விஷயம் மாதிரிதான் இருக்கும். கறுப்பு மிளகு இந்தியச் சிப்பாய்கள், சிவப்பு வெள்ளைக்காரப் படை. இங்கே நம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத் தணிக்கையாளன் கண்ணில் மண்ணைத் தூவிச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி அது.

நிறையப் பேருக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். ஆக, மனதில் இருப்பது எழுதுபவர் கையைத் தாண்டி, தணிக்கையைத் தாண்டித்தான் ஊர் போய்ச் சேர வேண்டும். நாவலில் லாலுவின் மனதுக்குள் ஓடுவதைப் படித்தபோது, கடிதத்தில் விட்டுப்போன வரிகளைப் படிப்பது போலவே எனக்கு இருந்தது. நிலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. கடிதங்களிலும் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் பயிர், மாடு, கடன், வழக்கு என்றுதான் விசாரிப்பார்கள்.

காயம் ஆறியவர்களை மறுபடி போர்முனைக்கே அனுப்பியது அவர்களை எவ்வளவு உடைத்தது என்பதும் கடிதங்களில்தான் எனக்குப் புரிந்தது. இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனையை மருத்துவமனையாக்கி, சாதி மதம் பார்த்து ஒன்பது சமையலறை வைத்தார்கள். எல்லாக் கவனிப்பும் சரி. ஆனால் அவர்கள் கேட்டது ஊருக்குப் போக.

* * *

உங்கள் இருவரையும் போல நானும் இதைப் படித்திருக்கிறேன். வேலைக்காக மூன்று வருடம் பிரான்சில் லீல் நகரத்தில் இருந்தேன். நாவலைப் படித்து முடித்த மாதமே நவ் ஷாப்பேல் போனேன். 1915 மார்ச் 10 முதல் 13 வரை இந்தியப் படை பெரிய எண்ணிக்கையில் சண்டையிட்ட இடம். 1927இல் திறந்த நினைவுச் சின்னம் இருக்கிறது. வட்டமான சுவர், தாமரைத் தலையோடு உயரமான தூண், இரண்டு பக்கமும் கல்லில் புலிகள். கல்லறையே கிடைக்காமல் போன 4,700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. லாலு கற்பனை, அதுவும் கதையின் முடிவில் அவன் சாகவில்லை, ஜெர்மானியரிடம் பிடிபடுகிறான். தெரிந்தும் சிங் என்று முடியும் பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டே போனேன்.

வெளியே வந்தால் சுற்றிலும் வயல். சமதளம், கறுப்பு மண், ஓரமாக வாய்க்கால். முந்தைய நாள் பெய்த மழை போக வழியில்லாமல் சால்களில் தேங்கி நின்றது. ஒருவர் டிராக்டரை ஓரம் கட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.